புறநகர் கவுண்டியில் பகிர்வுப் போக்குவரத்து: கூட்டத்துக்குக் கூட்டம் எழும் கேள்விகள்

நான் குடியிருக்கும் அமெரிக்கப் புறநகர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) போக்குவரத்து ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது, ஆறிய காபி உண்டு. அதில் சில ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். கோயிலிலோ பிறந்தநாள் விருந்திலோ இதைத் தெரிந்துகொண்டவர்கள் என்னைப் பிடித்துவைத்துக் கேட்பவையும், பொதுக்கூட்டங்களில் மைக்கைப் பிடித்துக் கேட்கப்படுபவையும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பகிர்வுப் போக்குவரத்து என்றால் பஸ்தானே?

பஸ்ஸும்தான். நேரமும் தடமும் வைத்து ஓடும் பஸ், போன் செய்தால் வாசலுக்கு வரும் சிறிய வேன், செயலியில் கூப்பிடும் வேன், ஒரே அலுவலகத்துக்குப் போகும் பத்துப் பேர் சேர்ந்து எடுக்கும் வேன், முதியோர் மையத்தின் வண்டி, தன் காரில் அக்கம்பக்கத்து முதியவரை மருத்துவரிடம் கூட்டிப்போகும் தன்னார்வலர் எல்லாமே இதில் அடக்கம். கவுண்டி திட்டமிடுகிறது என்றால், இவற்றில் எது எங்கே ஓடும், யார் பணத்தில் ஓடும் என்று முடிவு செய்கிறது என்று பொருள். எந்த வண்டியை வாங்கலாம் என்ற பேச்சு கடைசியில் வர வேண்டியது. நடைமுறையில் அதுதான் முதலில் வருகிறது. வண்டியைத்தான் படம் எடுத்துப் போட முடியும்.

எங்கள் பகுதியில் பஸ் காலியாகவே ஓடுகிறதே, ஏன்?

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடி ஜன்னலில் நின்றால் பஸ் நிறுத்தத்தின் கம்பம் தெரிகிறது. காகம் பறந்தால் இருநூறு மீட்டர். மனிதன் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நடுவே ஒரு வேலி, மழைநீர்க் குட்டை, அதற்கப்பால் இன்னொரு குடியிருப்பின் முட்டுச்சந்து. என் தெருவும் முட்டுச்சந்துதான். குடியிருப்பின் ஒரே வாசலுக்குச் சுற்றிப் போய், நடைபாதை இல்லாத ஆறு வழிச் சாலையின் ஓரமாகத் திரும்பி வரவேண்டும். பஸ்ஸுக்காக மக்கள் கால் மைல், அதாவது நானூறு மீட்டர் வரை நடப்பார்கள் என்பது திட்டமிடுபவர்களின் பொதுக்கணக்கு. வரைபடத்தில் நிறுத்தத்தைச் சுற்றிக் கால் மைல் வட்டம் போட்டால் என் வீடு உள்ளே விழுகிறது. ஆகவே காகிதத்தில் எனக்குப் பஸ் வசதி உண்டு.

வேலியில் ஒரு வாசல் வைத்து ஐம்பது மீட்டர் நடைபாதை போட்டால் நாற்பது வீடுகளுக்கு நிறுத்தம் கிட்டே வந்துவிடும். புதுப் பஸ்ஸைவிட மிக மலிவு. ஆனால் நடைபாதை ஒரு துறை, பஸ் இன்னொரு துறை, வேலியோ குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். கேட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இதோடு மணிக்கு ஒரு பஸ் என்ற அட்டவணையையும், எங்கு பார்த்தாலும் இலவச பார்க்கிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் காலியாக ஓடுவதில் வியப்பில்லை.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் பஸ் விடலாமே?

இங்கேதான் கவுண்டி ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதை வெளிப்படையாக எடுக்க எந்தக் கவுண்டிக்கும் மனம் வருவதில்லை.

நாள் முழுக்கப் பன்னிரண்டு பஸ் ஓட்டப் பணம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு தடத்தில் போய் வரவும் கடைசியில் ஓட்டுநர் சற்று மூச்சு விடவும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகிறது என்றும் வையுங்கள். மணிக்கு ஒரு பஸ் என்றால் ஒரு தடத்துக்கு இரண்டு வண்டி போதும். ஆறு தடம் விடலாம். கவுண்டியின் எல்லா மூலையும் வரைபடத்தில் வந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு தடத்துக்கே ஆறு வண்டி. மொத்தம் இரண்டு தடம்தான். முதல் திட்டத்தில் எல்லாருக்கும் பஸ் உண்டு, யாரும் அதை நம்பி வேலைக்குப் போக முடியாது. இரண்டாவதில் பாதிப் பேருக்குப் பஸ் இல்லை, மீதிப் பேர் அட்டவணையே பார்க்காமல் ஏறலாம். பயணிகள் எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டாவது. யாரும் விடுபடக்கூடாது என்றால் முதலாவது. பணத்தில் இத்தனை சதவீதம் அதற்கு, இத்தனை இதற்கு என்று பங்கு பிரிக்கலாம். ஆனால் ஒரே டாலரை இரண்டுக்கும் செலவிட முடியாது.

பெரும்பாலான கவுண்டிகள் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதன் அளவுகோலை எடுத்து, 'யாரும் ஏறவில்லை, ஆகவே வெட்டுகிறோம்' என்கின்றன. எல்லாருக்கும் எட்டுவதற்காக விட்ட பஸ்ஸைக் கூட்டம் இல்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

பஸ்ஸை நிறுத்திவிட்டு, செயலியில் கூப்பிடும் சிறிய வேன்களை விட்டால் என்ன?

எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி இது. மென்பொருள் துறையில் இருப்பவர்கள் கேட்டால் குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும், இவ்வளவு எளிய விஷயம் உங்களுக்குத் தோன்றவில்லையா என்று.

தோன்றியது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே. 1974 நவம்பரில் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டி, போன் செய்தால் வாசலுக்கு வரும் பஸ்ஸைக் கவுண்டி முழுக்க விட்டது. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படுவதும் அந்தக் கவுண்டிதான். அழைப்புகள் குவிந்து போன் லைன் கிடைக்காமல் மக்கள் அலுத்துப்போனார்கள். டாக்சி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1975 மே மாதம் சேவையை மூடிவிட்டார்கள். போன் நெரிசலைச் செயலி தீர்த்துவிட்டது என்பது உண்மை. அதைத் தவிர மற்றக் கணக்கு மாறவில்லை.

அந்தக் கணக்கு இது. வேன் ஒருவரை ஏற்றப் போக ஐந்து நிமிடம். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வர இரண்டு நிமிடம். கொண்டுபோய் விட எட்டு நிமிடம். ஆக ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், மணிக்கு நான்கு பேர். போகிற வழியில் இன்னொருவர் ஏறினால் ஐந்து. எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளானாலும், வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் இதைத் தாண்டிப் போவது அரிது. சுமாராக ஓடும் பஸ்ஸிலேயே மணிக்குப் பதினைந்து பேர் ஏறுவார்கள். செலவின் பெரும்பகுதி ஓட்டுநரின் நேரம். அவருக்குப் பின்னால் எட்டு இருக்கையா நாற்பது இருக்கையா என்பது அதில் பெரிய மாற்றம் செய்யாது. இன்னொன்றையும் பாருங்கள். கூட்டம் கூடினால் பஸ்ஸில் ஒருவருக்கு ஆகும் செலவு இறங்குகிறது. வேனில் அப்படி இல்லை; கூடுதல் ஆட்களுக்குக் கூடுதல் வேன், கூடுதல் ஓட்டுநர் வேண்டும். வெற்றி பெற்றாலும் செலவு, தோற்றாலும் செலவு.

'நம் ஊரில் ஷேர் ஆட்டோ லாபத்தில் ஓடுகிறதே' என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஷேர் ஆட்டோ யார் வீட்டு வாசலுக்கும் போவதில்லை. அது நெருக்கமான ஒரே சாலையில் நேராக ஓடுகிறது. ஜனங்கள் சாலைக்கு நடந்து வருகிறார்கள். சிறிய வண்டியாக இருந்தாலும் அதன் குணம் பஸ்ஸின் குணம். செயலி வேன் இதற்கு நேர் எதிர்: வண்டி ஆளைத் தேடிப் போகிறது.

தோல்விக் கதை வேண்டுமானால் கான்சாஸ் சிட்டியைப் பாருங்கள். 2016 மார்ச் முதல் ஓராண்டு, செயலி வேன் விடும் பிரிட்ஜ் நிறுவனத்தோடு நடத்திய சோதனையில், ஆண்டு முழுக்க நடந்த பயணங்கள் ஏறத்தாழ 1,480. ஒரு நல்ல பஸ் தடம் ஓரிரு நாளில் ஏற்றும் கூட்டம் அது.

அப்படியானால் அந்த வேன் எங்கேயும் உதவாதா?

உதவும். டெக்சஸின் ஆர்லிங்டன் நகரம் வியா நிறுவனத்தோடு 2017 டிசம்பரில் வேன்களைத் தொடங்கியது. வட கரோலைனாவின் வில்சன் என்ற சிறு நகரம் 2020 செப்டம்பரில் தன் பஸ் தடங்களை எடுத்துவிட்டு முழுக்க வேனுக்கு மாறியது. பஸ்ஸுக்குக் கூட்டமே சேராத இடம், ஊர் சிறியது, பஸ் இருந்தும் மணிக்கு ஒன்றுதான் என்றால் வேன் பொருந்தும். கூட்டம் சேராது என்று ஒப்புக்கொண்டு, எட்டாத இடத்துக்கு எட்டுவதற்கான செலவு என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இருக்காது.

எங்கள் குழு கேட்டது மூன்று நிபந்தனை: மண்டலம் சிறியதாக இருக்கட்டும், அதற்குள் ஒரு பஸ் நிலையமோ ரயில் நிலையமோ இருக்கட்டும், செயலியோடு போன் எண்ணும் இருக்கட்டும். மூன்றாவதற்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனி வேன் ஓடுகிறதே, அதை யார் பயன்படுத்தலாம்?

1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கட்டாயம் அது. சுருக்கமாக ஏ.டி.ஏ. வேன் என்பார்கள். வயதாகிவிட்டது என்பது மட்டும் தகுதி ஆகாது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் வழக்கமான பஸ்ஸில் தானாக ஏறவோ இறங்கவோ, நிறுத்தம்வரை போகவோ முடியாதவருக்கு உண்டு. எண்பது வயதில் திடமாக நடப்பவருக்குக் கிடைக்காது. முப்பது வயதில் பார்வை இல்லாமல், ஆறு வழிச் சாலையைக் கடக்க முடியாதவருக்குக் கிடைக்கும்.

விதிகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். போனை எடுப்பவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. பஸ் தடத்தின் இரு பக்கமும் முக்கால் மைல் வரை, பஸ் ஓடும் அதே நாள்களில், அதே நேரங்களில் இந்த வேன் ஓட வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இன்று கேட்டால் நாளைக்குத் தர வேண்டும். நீங்கள் கேட்ட நேரத்திலிருந்து முன்னே பின்னே ஒரு மணி நேரம் வரை அவர்கள் பேரம் பேசலாம், அதற்கு மேல் முடியாது. எதற்குப் போகிறீர்கள் என்பதை வைத்து முன்னுரிமை தரக்கூடாது. மருத்துவமனைக்கும் சீட்டாட்டத்துக்கும் ஒரே மரியாதை. காத்திருப்போர் பட்டியல் கூடாது. உதவிக்கு வரும் பராமரிப்பாளருக்குக் கட்டணம் இல்லை. முழுமையான விண்ணப்பம் கொடுத்து 21 நாளில் முடிவு சொல்லாவிட்டால், சொல்லும்வரை உங்களைத் தகுதியுள்ளவராகவே நடத்த வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; மேல்முறையீடு செய்ய 60 நாள் உண்டு.

திட்டமிடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு சுருக்கு இருக்கிறது. புதிதாக ஒரு பஸ் தடம் போட்டால், அதைச் சுற்றி முக்கால் மைலுக்கு இந்த வேனும் கட்டாயமாகிவிடும். தடத்தை வெட்டினால் அந்தக் கட்டாயமும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை வெட்டும்போது மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி இப்படி வருவது. அறிக்கையில் அதைப் 'பராமரிப்புச் சிக்கனம்' போன்ற ஏதாவது பெயரில் எழுதியிருப்பார்கள். வெட்டுக்கு முன் அந்தப் பட்டையில் எத்தனை பேர் வேனை நம்பி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தடம் வைத்து ஓடும் பஸ்ஸே, யார் கேட்டாலும் சற்று விலகிப் போய் ஏற்றிக்கொண்டு வந்தால், தனி வேன் கட்டாயமில்லை. கூட்டம் குறைந்த பகுதிகளில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் விலகும் வசதி எல்லாருக்கும் இருக்க வேண்டும். அலுவலகம் போகிறவர்களுக்காகக் காலை மாலை மட்டும் ஓடும் விரைவுப் பஸ்ஸுக்கும் தனி வேன் தேவையில்லை.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் கிடைக்குமா?

வழக்கமான பஸ்ஸுக்கும் செயலி வேனுக்கும் யாரும் ஊர் பேர் கேட்பதில்லை. ஏ.டி.ஏ. வேனில் வெளியூர்க்காரருக்கு என்று தனி விதியே இருக்கிறது: மாற்றுத்திறனாளியாக இருந்தால், முதல் பயணம் தொடங்கி 365 நாளில் 21 நாள்களுக்குச் சேவை தர வேண்டும். குறைபாடு வெளியே தெரியாவிட்டால் சான்று கேட்கலாம். வசிப்பிடத்துக்கும் சான்று கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளூர்க்காரரைப் போல விண்ணப்பிக்கச் சொல்வார்கள். இருபத்தொரு நாள் என்பது இருபத்தொரு பயண நாள். தொடர்ச்சியான மூன்று வாரம் என்று தவறாகச் சொல்லும் ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் நோயாளிகளின் பிரச்சினை ஏன் எல்லாக் கூட்டத்திலும் வருகிறது?

போய்ச் சேரும் பயணத்தைத்தான் எல்லாரும் திட்டமிடுகிறார்கள். திரும்பும் பயணம் என்ன ஆகிறது என்பது டயாலிசிஸில்தான் அம்பலமாகிறது.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவில். காலை ஐந்தரைக்கு வண்டி வந்துவிடும். அந்த நேரத்தில் சாலையில் யாரும் இல்லை. போகும் பயணம் கச்சிதம். முடியும் நேரம்தான் யார் கையிலும் இல்லை. ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாள் பத்து நிமிடத்தில் நிற்கும், ஒரு நாள் அரை மணி ஆகும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் எழுந்து நிற்க விடமாட்டார்கள். வேனோ பத்தே முக்கால் என்று எழுதி வைத்திருக்கிறது. பத்தே முக்காலுக்கு வாசலில் நிற்கும். ஐந்து நிமிடம் பார்க்கும். 'பயணி வரவில்லை' என்று குறித்துக்கொண்டு போய்விடும். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெரியவர் தன் கைப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு டயாலிசிஸ் நாளுக்கும் இரண்டு நேரம்: முடிந்த நேரம், வீட்டுக் கதவைத் திறந்த நேரம். நடுவே இரண்டு மணி நேரம், இரண்டேகால், ஒரு நாள் மூன்றரை. கட்டுப் போட்ட கையோடு நோயாளி வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றரை மணி நேரம் கவுண்டியின் எந்த அறிக்கையிலும் வராது. அறிக்கையின்படி வேன் சரியான நேரத்துக்கு வந்தது, பயணிதான் வரவில்லை.

இதற்கு மேல் ஒரு கொடுமை உண்டு. அடிக்கடி 'வராதவர்' என்று பெயர் வாங்கியவரின் சேவையைச் சில நாள் நிறுத்திவைக்க விதி இருக்கிறது. ஆனால் பயணியின் கைமீறிய காரணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அதே விதி சொல்கிறது. முதல் பாதியை எல்லாருக்கும் கடிதமாக அனுப்புகிறார்கள்.

தீர்வு பெரிய விஷயம் இல்லை. திரும்பும் நேரத்தைத் திறந்து வைப்பது. முடிந்ததும் செவிலியர் ஒரு போன் செய்வது. அந்த மையத்தின் பக்கம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஒரு வேனைச் சுற்றிக்கொண்டே இருக்க விடுவது. ஒரே மையத்திலிருந்து ஒரே நேரத்தில் ஆறு பேர் வெளியே வருகிறார்கள். பகிர்ந்து போவதற்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் கவுண்டியில் வேறெங்கும் கிடைக்காது. மைய நிர்வாகத்தோடு உட்கார்ந்து, அருகருகே வசிப்பவர்களுக்கு ஒரே முறைநேரம் கொடுங்கள் என்று பேசினால் இன்னும் எளிது. மென்பொருள் வாங்கத் தயாராக இருக்கும் கவுண்டிக்கு இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஓர் ஆளை அனுப்ப நேரம் இருப்பதில்லை.

முதியோர் மையத்துக்கு ஒரு வேன், படைவீரர் மருத்துவமனைக்கு ஒரு வேன், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு ஒரு வேன். எல்லாம் ஒரே சாலையில் பாதி காலியாகப் போகின்றன. சேர்த்துவிடக்கூடாதா?

எல்லாரும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். தன் வேனைக் கொடுக்கத்தான் யாரும் இல்லை. கூட்டாட்சி அரசின் எத்தனை திட்டங்கள் இப்படிப் போக்குவரத்துக்குப் பணம் தருகின்றன என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் எண்ணியபோது 62 வந்தது. 2012இல் மறுபடி எண்ணியபோது 80. ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி, தனிப் படிவம், தனிக் காப்பீடு, ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி.

முதியோர், மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்துக்கு என்று 5310 என்ற பிரிவில் பணம் வருகிறது. அதைப் பெற, எல்லா அமைப்புகளையும் உட்காரவைத்துத் தயாரித்த ஒருங்கிணைப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அதனால் எல்லாக் கவுண்டிக்கும் திட்டம் இருக்கிறது. பலவற்றில் அது அலமாரியில் இருக்கிறது.

உண்மையில் சேர்வது எங்கே தொடங்குகிறது என்றால் போன் எண்ணில். வண்டிகள் யாருடையதாகவும் இருக்கட்டும். கூப்பிட ஒரே எண். இல்லினாய்ஸின் டூபேஜ் கவுண்டியில் 'ரைடு டூபேஜ்' என்ற பெயரில் கவுண்டியும் ஊர்களும் தங்கள் தங்கள் மக்களுக்கு மானியம் போட்டுக்கொள்கின்றன. புறநகர்ப் பஸ் நிறுவனமான பேஸ் ஒரே சேவையாக நடத்துகிறது. அடுத்த படி செலவுப் பங்கீடு. ஒரே வேனில் மெடிக்கெய்டு நோயாளியும் முதியோர் மைய உறுப்பினரும் போனால் அந்தப் பயணத்தை யார் கணக்கில் எவ்வளவு எழுதுவது என்ற சூத்திரத்தை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நட்போடு தொடங்கிய பல கூட்டு முயற்சிகள் முதல் ஆண்டுப் பில் வந்ததும் முறிந்திருக்கின்றன.

மஞ்சள் பள்ளிப் பஸ்கள் பகல் முழுக்கச் சும்மாதானே நிற்கின்றன?

அவை சும்மா இருக்கும் நேரமும் நமக்குத் தேவைப்படும் நேரமும் ஒத்துவருவதில்லை. வேலைக்குப் போகும் காலை நேரத்தில்தான் அவையும் பள்ளிக்கு ஓடுகின்றன. பலவற்றில் சக்கர நாற்காலி ஏற்றும் மேடை இல்லை. இருக்கை பிள்ளைகளின் அளவு. இதன் மறுபக்கமும் உண்டு: கூட்டாட்சிப் பணத்தில் வாங்கிய பஸ்ஸைப் பள்ளிக்கென்று மட்டும் தனியாக ஓட்டக்கூடாது. பொதுத் தடத்தில் மாணவர்களும் ஏறும்படி அமைத்தால் தடையில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

டிக்கெட்டிலிருந்து வருவது சொற்பம். கூட்டாட்சி அரசு பொதுவாக வண்டி வாங்க 80 சதவீதம் வரை தரும். ஓட்ட 50 சதவீதம் வரைதான். பெரிய நகரப் பகுதியாக இருந்தால், அதாவது மக்கள்தொகை இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால், முக்கிய நிதியை ஓட்டும் செலவுக்குத் தொடவே விடாது. உச்ச நேரத்தில் 100 பஸ்ஸுக்கு மேல் ஓடாத அமைப்புகளுக்கு மட்டும் ஓரளவு விலக்கு. அதனால்தான் பளபளப்பான புது வண்டி நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது.

மிச்சம் கவுண்டியின் தலையில். ஜார்ஜியாவில் அட்லான்டா பக்கத்து இரண்டு புறநகர்க் கவுண்டிகளைப் பாருங்கள். கிளேட்டன் கவுண்டி பணமில்லை என்று 2010 மார்ச் 31 அன்று தன் பஸ் சேவை முழுவதையும் நிறுத்தியது. காரில்லாதவர்கள் ஐந்து ஆண்டு அவதிப்பட்டார்கள். 2014 நவம்பரில் ஒரு சென்ட் விற்பனை வரிக்கு மக்களே பெரும்பான்மையாக வாக்களித்து அட்லான்டாவின் பொதுப் போக்குவரத்து அமைப்பான மார்ட்டாவில் சேர்ந்தார்கள். 2015 மார்ச்சில் பஸ் திரும்பியது. குவினெட் கவுண்டியிலோ 1971, 1990, 2019, 2020, 2024 என்று ஐந்து முறை வாக்கெடுப்பு தோற்றது. 2020இல் மயிரிழையில். நம்மவர்கள் கணிசமாக இருக்கும் பகுதி அது. வாக்குரிமை உள்ளவர்கள் அத்தனை பேரும் போனார்களா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு.

வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து வேன் எடுப்பது நடைமுறையில் ஓடுகிறதா?

நன்றாகவே. ஓட்டுநரும் பயணிகளில் ஒருவர், அவருக்குச் சம்பளம் இல்லை. செலவின் பெரும்பகுதியே அங்கே மறைந்துவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி 1979 முதல் இதை நடத்துகிறது. எல்லாரும் ஒரே நேரத்துக்கு வேலைக்குப் போய், ஒரே நேரத்தில் முடிக்கும் இடத்தில்தான் இது செல்லும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்று ஆனபின் ஆள் சேர்ப்பது பெரும்பாடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நடுப்பகலில் கிளம்ப வேண்டியவருக்கு டாக்சிச் செலவை ஏற்கும் உத்தரவாதம் இல்லாவிட்டால் பெண்கள் சேரத் தயங்குவார்கள், நியாயமாகவே.

யாருமே திட்டமிடாமல் முளைத்த ஒன்றும் இருக்கிறது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் போன்ற புறநகர்க் கவுண்டிகளிலிருந்து பென்டகனுக்கும் வாஷிங்டனுக்கும் போகும் நெடுஞ்சாலையில், மூன்று பேர் இருந்தால்தான் விரைவுத் தடத்தில் கட்டணமில்லாமல் போகலாம். அதனால் தனியாக வரும் கார்க்காரர்கள் பார்க்கிங்கில் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத இருவரை ஏற்றிக்கொள்கிறார்கள். 1970களிலிருந்து நடக்கிறது. பணம் கொடுப்பதில்லை. ஏறியவர் தானாகப் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதி. நம்மவர்களுக்குச் சிரமமான விதிதான்.

எவ்வளவு பெரிய வண்டி வாங்கலாம்?

ஓட்டுநரோடு சேர்த்து 16 பேருக்கு வடிவமைத்த வண்டி என்றால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். 15 வரை தேவையில்லை. ஓட்டுநர் கிடைக்காத காலத்தில் இந்த ஒரு எண் பல கவுண்டிகளின் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. சக்கர நாற்காலிக்கு இடம் விட்டால் இருக்கை இன்னும் குறையும் என்பதை மறக்காதீர்கள்.

கருத்துக்கணிப்பில் 'பஸ் விட்டால் ஏறுவீர்களா' என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்கிறார்களே?

ஆம் என்று சொல்வதற்குக் கட்டணம் இல்லை. நேற்று எங்கே போனீர்கள், எப்படிப் போனீர்கள், போக முடியாமல் எதை விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். கணினியில் நிரப்பும் படிவத்தை நிரப்புகிறவர் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர். இரவு பதினொரு மணிக்குக் கிடங்கில் வேலை முடிந்து வருகிறவரை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் தகவல் எட்ட வேண்டும். ஒரு மொழிக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் சேவைப் பகுதி மக்கள்தொகையில் 5 சதவீதமோ ஆயிரம் பேரோ, எது குறைவோ அதை எட்டினால், முக்கிய ஆவணங்களை அந்த மொழியில் தருவது பல ஆண்டுகள் ஏற்கப்பட்ட நெறிமுறையாக இருந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டிலிருக்கும் பெரியவருக்கு ஆங்கிலம் எப்படி என்று கேட்கும் இடத்தில், கௌரவத்துக்காக 'மிக நன்று' என்று பிள்ளைகள் நிரப்பிவிடுகிறார்கள். அந்தத் தாளின்படி இங்கே தமிழில் பஸ் அட்டவணை தேவைப்படுகிறவர் எவரும் இல்லை.

கூட்டத்தில் பேச மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். எதைக் கேட்பது?

உங்கள் சொந்தக் கதைக்கு ஒரு நிமிடம். மிச்ச இரண்டு நிமிடத்தில் எண்களைக் கேளுங்கள்: ஒரு வண்டி மணிக்கு எத்தனை பேரை ஏற்றுகிறது, போன மாதம் எத்தனை அழைப்புகளுக்கு வண்டி இல்லை என்றீர்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, திரும்பும் பயணத்துக்கு ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார். முதல் மூன்றுக்கு அங்கேயே பதில் வரும். நான்காவதற்கு 'அந்தத் தரவைச் சேகரிப்பதில்லை' என்பார்கள். எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்னபோது, அந்தப் பெரியவர் எழுந்து தன் நோட்டை மேசைமேல் வைத்தார். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாத அறிக்கையில் ஒரு புதுப் பத்தி இருந்தது.